அத்தியாயம் ஒன்பது: திரும்புதல்

ஆடிட் அறிக்கையில் தன் பெயரைப் பார்த்ததும் எத்திராஜுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பதினேழாம் பக்கத்தில், ‘இது ஒன்று விழுந்தால் எல்லாம் விழும்’ என்ற தலைப்பின்கீழ் மூன்று வரிகள் இருந்தன. மொட்டைமாடி ஜெனரேட்டர். இரண்டாம் மாடி ஏசி. எத்திராஜ், வயது நாற்பத்து மூன்று.

அவர் இருபது வருஷமாக வேலை பார்க்கும் பந்தக்கால் நிறுவனம் லேசுப்பட்டதல்ல. தமிழ்நாட்டில் ஆயிரத்து எண்ணூறு கல்யாண மண்டபங்களின் முன்பதிவு அதன் சர்வர்களில்தான் ஓடியது. எந்த முகூர்த்தத்துக்கு எந்த மண்டபம் என்பதெல்லாம் அம்பத்தூரில் ஒரு குளிர்ந்த அறைக்குள் அடங்கியிருந்தது. அந்த அறையின் சூட்சுமம் முழுக்கத் தெரிந்தவர் எத்திராஜ் ஒருவர்தான். யாராவது சந்தேகம் கேட்டால், “அப்புறம் எழுதித் தர்றேன்” என்பார். இருபது வருஷத்தில் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதித் தந்ததில்லை. எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு நம்மை யார் தேடுவார்கள் என்ற பயம் அவருக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

தொடர்ச்சித் துறையின் தலைவி ஷெர்லி ஜாஸ்மின் அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். அலுவலகத்தில் எது நின்றாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் துறை. சிரிக்காமல் எதையும் சொல்லக்கூடியவள்.

“ஜெனரேட்டருக்கு இன்னொண்ணு வாங்கிட்டோம், எத்திராஜ் சார். ஏசிக்கும் இன்னொண்ணு வாங்கிட்டோம்.”

“எனக்கு ஒரு அசிஸ்டென்ட் போடப் போறீங்களா மேடம்?”

“போட்டா அவருக்கு நீங்க சொல்லித் தரணும். தருவீங்களா?”

எத்திராஜ் கொஞ்சம் யோசித்தார். “தர்றேன். அப்புறம்...”

“அதான் தெரியுமே. அதனால உங்களையே இன்னொண்ணு எடுத்துடலாம்னு போர்டுல முடிவு பண்ணிட்டாங்க.”

இன்றியமையாத ஊழியருக்கு ஒரு காப்புப் பிரதி வைத்துக்கொள்ளலாம் என்று அந்த வருஷம்தான் சட்டம் வந்திருந்தது. மூன்று வாரம் திரவத் தொட்டியில் வளர்த்தால் ஆள் தயார். அதே உயரம், அதே முன்வழுக்கை, சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த முழங்கால் தழும்புகூட உண்டு. அசல், நகல் இருவரின் வலது காதுக்குப் பின்னாலும் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வில்லை. அதன் வழியாகப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அசலின் நினைவு நகலுக்குப் போய்ச் சேரும்.

விஷயத்தை வீட்டில் சொன்னபோது மனைவி வசுமதி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணுக்கே சமைச்சுப் போட்டு மாளல. ரெண்டா?”

“இங்க வரமாட்டான், வசு. திருச்சியில இருப்பான். மாற்று மையம்னா எடுத்த எடுப்புல எட்டாத தூரத்துல இருக்கணும். இங்க வெள்ளம் வந்தா அங்க வரக் கூடாது. இங்க கரண்ட் போனா அங்க போகக் கூடாது.”

“உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

“அரை நிமிஷத்துக்கு ஒருதடவை இந்த வில்லையிலேர்ந்து ‘இருக்கிறேன்’னு ஒரு சிக்னல் போகும். பத்து தடவை தொடர்ந்து வரலன்னா நான் விழுந்துட்டேன்னு அர்த்தம். உடனே அவன் முதன்மை ஆயிடுவான். என் போன் நம்பர், ஆபீஸ் கார்டு, இந்த வீடு எல்லாம் அவன் பக்கம் திரும்பிடும்.”

வசுமதி கத்தியைக் கீழே வைத்தாள். “இந்த வீடுமா?”

“முழு ஆளா இயங்கினாத்தான் மூளை சரியா வேலை செய்யுமாம். வீடு, குழந்தை, சண்டை எல்லாம் வேணுமாம். ஆபீஸ் திட்டத்துல நீயும் கையெழுத்துப் போடணும்.”

“எங்க அந்தத் திட்டம்? கொண்டாங்க” என்றாள் அவள். முப்பத்து மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதினாள்: ‘நகல் ஹால் சோபாவில்தான் படுக்க வேண்டும்.’ அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

அந்தத் திட்டத்தை எழுதியவரே எத்திராஜ்தான். ஷெர்லி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுத வைத்தாள். வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தவருக்குப் போகப் போக ருசி தட்டிவிட்டது. முதன்மையானவர் லிஃப்டில் ஏறக் கூடாது, டவர் இல்லாத ஊருக்குப் போகக் கூடாது என்று விதிமேல் விதியாக எழுதினார். நாற்பத்தோராம் பக்கம் அவருக்கே மிகவும் பிடித்த பக்கம். ‘தானாக விழுந்த முதன்மையை மறுபடி எழ விடக் கூடாது. அதன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குக. இரக்கம் காட்டற்க.’

அந்த இரக்கமின்மைக்குக் காரணம் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு தைமாதத்தில் சென்னை சர்வருக்கும் திருச்சி சர்வருக்கும் நடுவே கேபிள் அறுந்துபோனது. சென்னை, ‘நான்தான் முதன்மை’ என்றது. திருச்சியும் அதையே சொன்னது. இரண்டும் தனித்தனியாக முன்பதிவு எடுத்ததில் ஆரணியில் ஒரே மண்டபத்துக்கு ஒரே முகூர்த்தத்தில் இரண்டு மாப்பிள்ளைகள் குதிரையில் வந்து இறங்கினார்கள். இரண்டு நாதஸ்வரமும் ஒரே நேரத்தில் கெட்டிமேளம் வாசித்தன. எந்தப் பந்தியில் யார் வீட்டார் சாப்பிட்டார்கள் என்பது இன்றுவரை தெரியாது. முதன்மை ஒன்றுதான் இருக்கலாம் என்பதை எத்திராஜ் அன்றைக்குக் கற்றுக்கொண்டார்.

திட்டத்தில் எட்டு அத்தியாயம் முடிந்தது. ஒன்பதாவது, பயிற்சி முடிந்து நகலிடமிருந்து அசலுக்கு எப்படிப் பொறுப்பைத் திருப்புவது என்பது. தலைப்பு போட்டார்: ‘அத்தியாயம் ஒன்பது: திரும்புதல்.’ அப்போது மணி ஆறாகிவிட்டது. கீழே ஒரு வரி எழுதி மூடிவைத்தார். ‘பின்னர் எழுதப்படும்.’

இதில் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்தத் தொழிலின் வழக்கமே அப்படி. வருஷத்துக்கு இரண்டு முறை பயிற்சி நடக்கும். சென்னையை அணைத்துத் திருச்சியில் ஏற்றுவார்கள். திருச்சி எழுந்ததும் கைதட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், பிரியாணி வந்துவிடும். பிரியாணிக்குப் பிறகு யாரும் வேலை பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. சர்வர் பாட்டுக்கு அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும். அது என்ன, வீட்டுக்குப் போகணும் என்று அழவா போகிறது?

பயிற்சிக்கு ஆடி மாதம்தான் தோது, ஏனென்றால் ஆடியில் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆடி கடைசிச் சனிக்கிழமை விடியுமுன்பே எத்திராஜைக் காரில் ஏற்றித் திருச்சியை அடுத்த துவாக்குடியில் இருந்த மாற்று மையத்தின் விருந்தினர் விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அதே நேரத்தில் அவருடைய நகலான இரண்டாமவன் இன்னொரு காரில் சென்னைக்குப் போனான். பத்தரை மணிக்கு எத்திராஜின் முதன்மையை அணைத்தார்கள். பத்து முப்பத்தைந்துக்கு அம்பத்தூரில் இரண்டாமவன் எழுந்து நின்று, “சர்வர் ரூம்ல யாருய்யா டீ கிளாஸ் வச்சது?” என்று கத்தினான். அலுவலகமே கைதட்டியது. அந்த நிமிஷம் வசுமதியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது: ‘உங்கள் கணவர் சேவை தற்போது மாற்று ஏற்பாட்டின் மூலம் வழங்கப்படுகிறது. இடையூறுக்கு வருந்துகிறோம்.’

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கார் வரும் என்று எத்திராஜ் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காருக்குப் பதில் ஷெர்லியின் போன் வந்தது.

“சார், ஐம்பத்தெட்டாம் பக்கம் திறந்து வச்சிருக்கேன். ‘பின்னர் எழுதப்படும்’னு இருக்கு.”

“ஆமா மேடம். அதுல என்ன இருக்கு, கார் அனுப்புங்க, வந்துடறேன்.”

“எழுதாத வேலையைச் செஞ்சா ஆடிட்டர் ஒத்துக்க மாட்டார். அது உங்க விதிதான். பக்கம் ஆறு.”

“சரி, இப்பவே எழுதி அனுப்பறேன்.”

“நீங்க இப்ப காப்பு, சார். காப்புக்குப் படிக்கிற அனுமதி மட்டும்தான். முதன்மைதான் எழுத முடியும். அதுவும் உங்க விதிதான். பக்கம் பன்னெண்டு.” அவள் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. “நாளைக்கு ஆவணி பொறக்குது. முகூர்த்த மாசத்துல எந்த மாத்தமும் செய்யக் கூடாது. மார்கழி வரைக்கும் பொறுத்துக்குங்க. இன்னொண்ணு, முதன்மைக்கு ஒரே ஒரு காப்புதானே இருக்கு, அதுவும் விழுந்தா என்ன செய்வீங்கன்னு ஆடிட்டர் வேற கேட்டிருக்கார். அதை நாங்க பாத்துக்கறோம், நீங்க கவலைப்படாதீங்க.”

மார்கழிக்கு நாலு மாதம் இருந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பதை எத்திராஜ் கேள்விப்பட்டிருக்கிறார். ஆனால் பக்க எண்ணோடு சுடும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

பயிற்சிக்காக அணைத்துவைத்திருந்த வில்லை உயிர்பெற்று, முதல் நினைவு அன்றைக்குச் சாயங்காலமே வந்துவிட்டது. பாதை திரும்பியிருந்தது, அவ்வளவுதான். முதன்மையிடமிருந்து காப்புக்குப் போவது விதி. இப்போது இரண்டாமவன் முதன்மை, எத்திராஜ் காப்பு. விடுதியின் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவருக்குத் திடீரென்று தான் வீட்டில் அடை சாப்பிட்டது ஞாபகம் வந்தது. வசுமதி அவியலை இரண்டாம் முறை போட்டது, எட்டாவது படிக்கும் மகள் சாருலதா வடிவியல் கணக்கைக் காட்டியது, எல்லாம் நேற்று நடந்தது போலத் துல்லியமாக இருந்தது. நாக்கில் கறிவேப்பிலை மணம். வயிறு மட்டும் காலி.

“ரிசர்வ் சார், சாப்பிடலையா?” என்று விடுதிக் காவலாளி மாத்ருபூதம் எட்டிப் பார்த்தார்.

“சாப்ட்டேன்” என்றார் எத்திராஜ். பிறகு யோசித்து, “இன்னும் சாப்பிடல” என்றார்.

இப்படியே நாலு வாரம் போயிற்று. துவாக்குடி வெயிலில் உட்கார்ந்துகொண்டு அவர் தன் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனார், மகளின் பள்ளி விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்தார், வசுமதியோடு கேஸ் சிலிண்டர் விஷயமாகச் சண்டை போட்டுச் சமாதானமும் ஆனார். எல்லாமே பதினைந்து நிமிஷம் தாமதமாக. காலையில் எழும்போது சோபாவில் படுத்த முதுகுவலிகூட ஒழுங்காக வந்து சேர்ந்தது. அந்த ஒரு வலியில்தான் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

பொறுக்க முடியாமல் ஒருநாள் இரண்டாமவனுக்குப் போன் போட்டார். தன்னைத் தானே யாராவது ‘நீங்க’ என்பார்களா? இருவரும் நேரே ஒருமையில் ஆரம்பித்துவிட்டார்கள்.

“ஒன்பதாம் அத்தியாயம் எழுதுடா. ரெண்டு பக்கம் வராது.”

“எழுதணும். இந்த முகூர்த்தம் முடியட்டும்.”

“போன வாரமும் இதையேதான் சொன்ன.”

“அப்புறம் எழுதித் தர்றேன்” என்றான் இரண்டாமவன்.

எத்திராஜுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தவருக்குத் திட்ட வரவில்லை. அந்தக் குரலில் இருந்த இழுவை, பேச்சை வெட்டிவிடும் அந்த லாவகம் எல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு. இருபது வருஷம் எத்தனை பேர் இந்தப் பக்கத்தில் நின்று இதைக் கேட்டிருப்பார்கள் என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தார். நினைக்க நன்றாக இல்லை.

பதினைந்து நிமிஷம் கழித்து அந்தப் போன் பேச்சே இரண்டாமவன் பக்கத்திலிருந்து நினைவாக வந்தது. போனை வைத்த பிறகு அவன் வெகுநேரம் ஜன்னலோரம் நின்றிருந்தான். எழுதிவிட்டால் சாருலதாவின் வடிவியல் கணக்கை இனிப் பார்க்க முடியாதே என்று நினைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை மரகதம் தன் குழந்தைக்குக் காதுகுத்து வைத்தாள். குழந்தை இனியாவுக்கு ஒரு வயது முடிந்திருந்தது. ஆவணி கடைசி ஞாயிறு, செய்யாறு பக்கத்தில் குலதெய்வக் கோயில். மொட்டை போட்டுத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. எட்டு வருஷம் குழந்தையில்லாமல் இருந்து பிறந்தவள் இனியா. அவள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, “அண்ணா, காது குத்தறது உன் மடிலதான்” என்று மரகதம் சொல்லியிருந்தாள். இந்த ஒரு விஷயத்தை எத்திராஜ் ‘அப்புறம்’ என்று தள்ளியதில்லை. வெள்ளிக் கொலுசும் பட்டுப்பாவாடையும் ஆறு மாதம் முன்பே வாங்கிப் பீரோவில் வைத்திருந்தார்.

இப்போது அந்தக் கொலுசை எடுத்துப் பையில் வைப்பவன் இரண்டாமவன்.

எத்திராஜ் கட்டிலில் சாய்ந்துகொண்டு யோசித்தபோது சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கோயிலில் டவர் கிடையாது. தார்ச் சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் மண் பாதை. நடுவில் ஒரு ஒற்றைப் புளியமரம். அந்த மரத்தைத் தாண்டினால் போன் செத்த பிணம். இரண்டாமவன் கோயிலுக்குள் போனால் அவனுடைய சிக்னல் நிற்கும். ஐந்து நிமிஷத்தில் அவன் விழுந்ததாகக் கணக்கு. அடுத்த நொடி காப்பு முதன்மை ஆகும். திரும்பும் வழியைத்தான் அவர் எழுதவில்லை, விழும் வழியை எட்டு அத்தியாயம் எழுதியிருக்கிறாரே! ஞாயிற்றுக்கிழமை இந்தக் கட்டிலைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தால் போதும். வேலை, வீடு, பெயர் எல்லாம் தானாக வந்து மடியில் விழும்.

குழந்தை மட்டும் விழாது. அது வேறொரு மடியில் இருக்கும்.

பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார். சனிக்கிழமை மத்தியானம்வரை அந்தத் தேற்றல் தாங்கியது. ஒன்றரை மணிக்கு வந்த நினைவில் இரண்டாமவன் பீரோ முன்னால் நின்றுகொண்டிருந்தான். கையில் கொலுசு. கோயிலில் டவர் இல்லை என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. ஒரே மூளை, தெரியாமல் இருக்குமா? போனால் தன் கதை முடிந்தது, நாற்பத்தோராம் பக்கம் தன்மேல் பாயும் என்று ஒரு நிமிஷம் நினைத்தான். பிறகு கொலுசைப் பைக்குள் வைத்து, “வசு, நாளைக்குச் சீக்கிரம் கிளம்பணும்” என்று குரல் கொடுத்தான்.

எத்திராஜ் கட்டிலிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டினார். அவருக்கு வெட்கமாக இருந்தது. தன்னைவிட நல்ல எத்திராஜ் ஒருவன் உலகத்தில் இருப்பதைப் பொறுத்துக்கொள்வது லேசான காரியமல்ல.

“எங்க சார் கெளம்பிட்டீக?” என்றார் மாத்ருபூதம்.

“காதுகுத்து. தங்கச்சி மகளுக்கு.”

“ரிசர்வ்ல இருக்கவுக போகலாமா?”

“போகக் கூடாதுன்னு திட்டத்துல எழுதலையே.”

மாத்ருபூதம் யோசித்துப் பார்த்தார். “தாய்மாமன் போகாம எப்படிக் காது குத்துவாக? போயிட்டு வாங்க” என்று கதவைத் திறந்துவிட்டார்.

பஸ் மாறி பஸ் ஏறி, வந்தவாசியில் ஒரு லாட்ஜில் தங்கி, ஞாயிறு காலை பத்தரைக்கு அந்த மண் பாதையின் முனையில் இறங்கினார். டீக்கடை ஒன்று இருந்தது. ஒரு டீ சொல்லி, கிளாஸைக் கையில் வாங்கியபோது போன் அதிர்ந்தது. பத்து நாற்பத்தாறு. ‘நீங்கள் இப்போது முதன்மை. வாழ்த்துகள்.’

கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். நாலு வாரமாக இதற்குத்தான் ஏங்கினார். அலுவலக அட்டை உயிர்பெற்றுவிட்டது, போன் நம்பர் திரும்பிவிட்டது, அந்த வீட்டுக்கு இப்போது அவர்தான் கணவன். செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. டீயைக் குடித்துவிட்டு இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மூன்று கிலோமீட்டர் உள்ளே ஒருவன் பெயரில்லாதவனாகி, அது தெரியாமல் குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருப்பான். இல்லை, தெரிந்தே ஆட்டிக்கொண்டிருப்பான்.

“டீ ஆறுதுங்க” என்றார் கடைக்காரர்.

“நீங்களே குடிங்க” என்று சொல்லிவிட்டு எத்திராஜ் மண் பாதையில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். புளியமரம் வந்தது. ஒரு தடவை நின்று போனைப் பார்த்தார். ஒரு கோடு இருந்தது. தாண்டினார். அதுவும் போயிற்று. பிறகு ஓடினார்.

கோயிலில் மொட்டை போட்டு முடித்திருந்தார்கள். தலையில் சந்தனம் அப்பிய இனியா பாயில் உட்கார்ந்து தேங்காய் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். காது குத்தும் பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வந்து நின்ற எத்திராஜைப் பார்த்ததும் பத்தர் துடைப்பதை நிறுத்தினார். பாயில் உட்கார்ந்திருந்த எத்திராஜைப் பார்த்தார். மறுபடி துடைக்க ஆரம்பித்தார். அவர் தொழிலில் எத்தனையோ தாய்மாமன்களைப் பார்த்தவர்.

மரகதம்தான் முதலில் பேசினாள். “இதுல எந்த அண்ணன் என் அண்ணன்?”

“நான்தான்” என்றார்கள் இருவரும். சொன்ன பிறகு இருவருக்கும் ஆரணி மண்டபம் ஞாபகம் வந்தது.

வசுமதி கிட்டே வந்தாள். எத்திராஜை மேலும் கீழும் பார்த்தாள். “இளைச்சிட்டீங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அந்தக் கலக்கம் நாலு வாரமாக வந்த எந்த நினைவிலும் இருந்ததில்லை என்பதை எத்திராஜ் கவனித்தார்.

இரண்டாமவன் எழுந்து நின்றான். “நீ அங்கேயே இருந்திருந்தா எல்லாம் உனக்கு வந்திருக்குமே. ஏன் வந்த?”

“நீ ஏன் வந்த?”

இரண்டாமவன் குழந்தையைப் பார்த்தான். வேட்டியை உதறிவிட்டு, “வா, உக்காரு” என்று இடத்தைக் காட்டினான்.

“நீ உக்காரு. கொலுசை நீதான எடுத்துட்டு வந்த.”

“வாங்கினது நீ.”

“நல்ல நேரம் போயிட்டிருக்கு” என்று அதட்டினாள் மரகதத்தின் மாமியார். “தாய்மாமன் மடி ஒண்ணுதான். ரெண்டு மடில ஒரு புள்ளைய எப்படி வைக்கறது?”

“காது ரெண்டு இருக்குதுல்ல” என்றாள் வசுமதி.

மாமியார் யோசித்தாள். சாஸ்திரத்தில் இதற்கு மறுப்பு இருந்ததாக அவளுக்கு நினைவில்லை.

வலது காது எத்திராஜுக்கு வந்தது. மடியில் வைத்ததும் இனியா அவர் மூக்கைப் பிடித்தாள். மொட்டைத் தலை மோவாயில் இடித்தது. இவ்வளவு கனமாக இருப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பத்தரின் கை ஒரு தரம் அசைந்தது. ஒரு நொடி குழந்தைக்கு என்ன நடந்ததென்றே புரியவில்லை, பிறகு ஊரே அதிரும்படி வீறிட்டாள். வீறிட்ட வேகத்தில் அவர் வேட்டியை நனைத்தாள். எத்திராஜும் அழுதுவிட்டார். அழுதபடியே, “ஆச்சுடா, ஆச்சு, ஒண்ணுமில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இடது காதுக்கு மடி மாறியது. இரண்டாமவன் ஏதோ காதோடு பாடினான். அது எத்திராஜுக்குக் கேட்கவில்லை. அழுது களைத்த குழந்தை ஊசி இறங்கும்போது விரல் சூப்பிக்கொண்டே தூங்கிவிட்டது. எத்திராஜ் பழக்கதோஷத்தில் அந்த நினைவு வருவதற்காகக் காத்திருந்தார். பதினைந்து நிமிஷம் ஆயிற்று, அரைமணி ஆயிற்று. எதுவும் வரவில்லை.

சாப்பாடு முடிந்து எல்லோரும் வேனில் ஏறிப் புளியமரத்தைத் தாண்டியபோது இருந்த போன்கள் எல்லாம் ஒன்றுசேரக் கூவின. வசுமதி தன் போனை எடுத்து வாசித்தாள்.

“‘உங்கள் கணவர் சேவை 10.46 முதல் திருச்சி மையத்திலிருந்து வழங்கப்படுகிறது.’ சரி. அடுத்து இன்னொண்ணு இருக்கு. ‘11.03 முதல் ஓசூர் மையத்திலிருந்து வழங்கப்படுகிறது. இடையூறுக்கு வருந்துகிறோம்.’” தலை நிமிர்ந்தாள். “ஓசூர்ல யாருங்க?”

எத்திராஜும் இரண்டாமவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆடிட்டர் கேட்ட அந்த இன்னொரு காப்பு. சத்தமில்லாமல் செய்து முடித்திருக்கிறாள் ஷெர்லி. இருவரும் தங்கள் அலுவலக அட்டைகளை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் விளக்கு அணைந்திருந்தது. எத்திராஜ் காதுக்குப் பின்னால் தொட்டார். வில்லை குளிர்ந்து கிடந்தது. இனி இதன் வழியாக எதுவும் வராது, எதுவும் போகாது. நாற்பத்தோராம் பக்கம் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது.

“ஹால்ல ஒரு சோபாதான் இருக்கு” என்றாள் வசுமதி. அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பின்சீட்டில் சாருலதா ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

தூங்கும் இனியாவை மடியில் வைத்திருந்த இரண்டாமவன் மெதுவாகக் கேட்டான். “வலது காதுக்கு ரொம்ப அழுதாளே. உன் மூக்கைப் பிடிச்சாளே, அது எப்படி இருந்துது?”

“உனக்குத் தெரியாதா?”

“எப்படித் தெரியும்? அப்பதான் டவர் இல்லியே.”

எத்திராஜ் வாயைத் திறப்பதற்குள் வசுமதியின் போன் அடித்தது. திரையில் ‘அவர்’ என்று பெயர் வந்தது. வேனுக்குள் இருந்த இரண்டு பேரும் போனில் கை வைக்கவில்லை. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“வசு, ரெண்டு மணி நேரமா அடிக்கறேன்” என்றது எத்திராஜின் குரல். பின்னால் நெடுஞ்சாலை இரைச்சல் கேட்டது. “என்னைக் கார்ல ஏத்திச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. வேன்ல வந்துட்டிருந்தேன், புளியமரம் தெரிஞ்சுது, பாப்பா என் காதைப் புடிச்சு இழுத்துட்டிருந்தா. கண்ணைத் திறந்தா ஓசூர்ல கட்டில்ல கிடக்கேன்.” குரல் உடைந்தது. “காது குத்தியாச்சா? யாரு மடில வச்சுக் குத்தினாங்க?”

வசுமதி போனை இருவர் பக்கமும் நீட்டினாள். வீடு, பெயர், வேலை எல்லாம் இப்போது அந்தக் காரில் போய்க்கொண்டிருப்பவனுக்கு. அவன் கேட்பது அதையெல்லாம் அல்ல. எத்திராஜ் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

“நம்ம மடிலதான்” என்றார்.

யார் பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டிய அவசியம் அவனுக்கு இருக்கவில்லை. “அழுதாளா?” என்றான்.

“வலது காதுக்கு அழுதா. வேட்டிய நனைச்சுட்டா. இடது காது எனக்குத் தெரியாது, அதை இவன் சொல்லுவான்.”

“முழுசா சொல்லுடா.”

இருபது வருஷத்தில் யாருக்கும் எதையும் சொல்லித் தராத எத்திராஜ், நனைந்த வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். டீக்கடை, புளியமரம், தேங்காய் மூடி, பத்தர் ஊசி துடைத்தது, குழந்தை மூக்கைப் பிடித்தபோது விரலில் இருந்த சந்தன வாசனை. அவர் விட்ட இடத்தில் இரண்டாமவன் எடுத்துக்கொண்டான். வந்தவாசி தாண்டியும் அவர்கள் முடிக்கவில்லை.